ஹாலந்துக்காரருக்காக ஒரு ஜெபக் கருத்து

என் கணவர் டார்ட் எறிவதற்கு முன் முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு ஒரு கணம் காத்திருப்பார். அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வாடகை வீட்டு வராந்தாவின் சிமெண்டுத் தரை எங்கும் போகாது. ஆனாலும் காத்திருப்பார். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு, காலில் ஏதோ வலி போலிருக்கிறது, கேட்டால் மனம் சங்கடப்படுமோ என்று பல நாள் கேட்காமலே இருந்தேன். கடைசியில் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கப்பல் நேராகட்டும்னு நிக்கேன்."

அவர் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டது நிலத்தில் அல்ல. இப்போது தீவுகளுக்கு இடையே ஓடும் பயணிகள் கப்பலில் வேலை பார்க்கிறார். அதற்கு முன் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் இருந்தார். அங்கே ஊழியர்கள் ஓய்வெடுக்கும் அறையில், சின்ன ஊசியம்புகளை எறிந்து விளையாடும் டார்ட்ஸ் பலகை ஒன்று மாட்டியிருந்ததாம். கப்பலின் இரண்டாவது இன்ஜினியர் ஹாலந்து நாட்டுக்காரர். கப்பல் ஒரு பக்கம் சாயும், மறுபக்கம் சாயும், நடுவில் ஒரு நொடி நேராக நிற்கும், அந்த நொடியில் விடு என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வேலை மாறி, கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்த பிறகும் என் கணவருடைய முழங்காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இப்போது நாலு வயதாகும் எங்கள் மகளும், காந்தம் வைத்த விளையாட்டு டார்ட்டைக் கையில் எடுத்ததும் முழங்காலை மடக்கி, இல்லாத அலைக்காகக் காத்திருக்கிறாள்.

அந்த இன்ஜினியர் அடிக்கடி ஒரு பையனைப் பற்றிச் சொல்வாராம். அவருடைய ஊர்க்காரன், துறைமுகத்துக்குப் பக்கத்தில் அப்பா நடத்தும் பீர் கடையில், காலையில் கடை திறப்பதற்கு முன், கவிழ்த்து வைத்த நாற்காலிகளுக்கு நடுவே தனியாக நின்று எறிந்து பழகியவன். பாருங்கள், ஒரு நாள் தொலைக்காட்சியில் வருவான் என்பாராம். அவன் வந்தான். என் கணவரும் அன்றிலிருந்து அவனை விடாமல் பின்தொடர்ந்தார். அந்தப் பையனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இப்போது அவர் பையன் அல்ல, அதனால் 'அவர்' என்றே எழுதிவிடுகிறேன். அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "இன்னைக்கு நம்மாளுக்கு மேச் இருக்கு" என்பார் என் கணவர். எனக்கும் அவர் நம்மாளு ஆனார்.

நான் இதே போர்ட் பிளேரில், ஷாதிபூரில் பிறந்தவள். எங்கள் அப்பாவின் தாத்தா காலத்திலிருந்தே இங்கே இருக்கும் இந்துக் குடும்பம். வீட்டில் பாதித் தமிழ், பாதி ஹிந்தி. என் கணவருடைய குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஜெபமாலை சொல்லக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன், ஆனால் எதிலும் எனக்கு முழு நிச்சயம் வருவதில்லை. எரிவாயு சிலிண்டரை மூடிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். என் கணவருடைய உண்மையான டார்ட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில், அலமாரியின் மேல் இருக்கின்றன. மகள் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து அந்த டப்பாவைத் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். ஏணி வைத்தால்கூட அவளுக்கு எட்டாது. அது எனக்குத் தெரியும்.

நம்மாளை நான் முதலில் ஒழுங்காகப் பார்த்தது ஊரடங்கு ஆண்டில், வயிற்றில் மகள் இருந்தபோது. உலகத்தின் பெரிய போட்டிகளில் ஒன்று, ஆட்களே இல்லாத அரங்கத்தில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஆட்டங்களைக் கணவர் காட்டியிருக்கிறார். ஆயிரக்கணக்கானவர்கள் பீர்க் குவளைகளோடு பாடிக்கொண்டு, வேடம் போட்டுக்கொண்டு, திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். இப்போது வெறும் நாற்காலிகள். டார்ட் பலகையில் குத்தும் சத்தம் தனியாகக் கேட்டது. டக். டக். டக்.

ஆட்டம் எளிதானதுதான். ஐந்நூற்றியொன்றில் தொடங்கி, குத்தும் இடத்தின் எண்ணைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகச் சுழியத்தில் முடிக்க வேண்டும். கடைசி டார்ட் வெளி வட்டத்து மெல்லிய பட்டையில் குத்த வேண்டும். முதல் பாதி பலம், கடைசி டார்ட் மனசு என்று என் கணவர் சொல்வார். அந்த ஆண்டு நம்மாளின் மனசு எதற்கும் அசையவில்லை. அப்பாவின் கடையில் காலை நேரத்தில் நிற்பதைப் போல நின்று, தன்னைவிடப் பெரிய ஆட்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார். அரையிறுதி வரை போனார். அதில் தோற்றாலும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனார். என் கணவர் அன்று ஆட்டிறைச்சி வாங்கி வந்தார்.

நானும் அந்த மாதங்களில் நன்றாகத்தான் இருந்தேன். இதைச் சொன்னால் தப்பாக நினைப்பார்களோ என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகள் பிறந்தபோது கப்பல்கள் சரியாக ஓடவில்லை. யாரும் வந்து பார்க்க முடியவில்லை. எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். எனக்கோ, யாரும் பார்க்காமல் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எளிதாக இருந்தது. கை தானாகத் தெரிந்துகொண்டு வேலை செய்தது. பிறகு கப்பல்கள் ஓட ஆரம்பித்தன. வடக்கே லாங் ஐலண்ட் தீவிலிருந்து மைனி வந்தார்கள். மைனி என்றால் என் கணவரின் அக்கா. நல்லவர்கள். நாலு பிள்ளைகளை வளர்த்தவர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "கழுத்தப் பிடி... பயப்படாத, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொன்னதும் என் கைக்குள் எல்லாம் குழம்பிவிட்டது. குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றத் தூக்கிய குவளை அப்படியே நின்றது.

நம்மாளின் அரங்கத்துக்கும் கூட்டம் திரும்பி வந்தது. அதற்குப் பின்தான் அவருக்கு அது ஆரம்பமானது.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. கையைத் தூக்குவார், முன்னே கொண்டுவருவார், விரல்கள் திறக்காது. மறுபடி பின்னால் இழுப்பார். மறுபடி முன்னே. டார்ட் கையிலேயே இருக்கும். "நெட்டு நிக்குதோ?" என்று என் கணவர் போனைத் தட்டினார். படம் நிற்கவில்லை, பின்னால் கூட்டம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவர் கைதான் நின்றுவிட்டது. அந்த விளையாட்டில் இதற்கு டார்ட்டைட்டிஸ் என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். மருந்து கிடையாது. சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது.

இரண்டு ஆண்டுகள் அப்படி. பெரிய போட்டிகளிலிருந்து சின்னப் போட்டிகளுக்கு வந்தார், அதிலும் முதல் சுற்றிலேயே வெளியே வந்தார், கடைசியில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான அவருடைய இடமும் போய்விட்டது. அண்ணனோடு சேர்ந்து வீடுகளுக்கு டைல்ஸ் போடப் போனார். ஒரு பேட்டியை மொழிபெயர்த்துப் படித்தேன். வீட்டில் தனியாக நின்றால் எல்லாம் சரியாக வருகிறது, யாராவது எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் விரல் பூட்டிக்கொள்கிறது என்று சொல்லியிருந்தார். மொழிபெயர்ப்பு கரடுமுரடாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் புரியாமல் போகவில்லை.

அதன் பிறகு அவருடைய ஆட்டங்களை என் கணவரைவிட நான்தான் அதிகம் தேடினேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது, துணி மடிக்கும்போது, ஹாலந்தில் ஏதோ ஓர் ஊர் மதுக்கடையில் யாரோ கைப்பேசியில் எடுத்துப் போட்ட ஆட்டங்கள். அவர் டார்ட்டைப் பிடிக்கும் விதத்தை மாற்றியிருந்தார். நிற்கும் விதத்தையும் மாற்றியிருந்தார். எறிவதற்கு முன் முழங்காலை லேசாக மடக்கினார்.

"பாத்தியா!" என்று என் கணவர் துள்ளினார். "நம்ம ஸ்டைலு! கப்பக்காரன் ஸ்டைலு!"

"அவர் ஊரே துறைமுகம்தானே. அங்க எல்லாருக்கும் அப்படித்தானோ என்னவோ."

"அரே, இல்லட்டி. அந்த இன்ஜினியர் போய்ச் சொல்லிக்குடுத்திருப்பாரு. பக்கா."

ஒவ்வொரு ஜனவரியிலும், இடம் இழந்தவர்களும் புதிதாக வருபவர்களும் ஐரோப்பாவில் ஓர் அரங்கத்தில் கூடி, சில நாட்கள் தொடர்ந்து தகுதிப் போட்டி ஆடுவார்கள். அதில் வென்றால் மறுபடியும் தொழில்முறை இடம். நம்மாளு ஏற்கெனவே ஒரு முறை போய்ப் பார்த்துக் கிடைக்காமல் திரும்பியிருந்தார். இந்த ஜனவரிக்கு முன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: இதுதான் கடைசி, இல்லையென்றால் டார்ட்டை விட்டுவிட்டு டைல்ஸ் வேலைக்கே முழுதாகப் போய்விடுவேன், எனக்கும் பிள்ளை இருக்கிறது.

அதைப் படித்த அன்று மாலை ஜெபமாலையில் என் முறை வந்தது. எங்கள் வீட்டில் ஜெபமாலை மணிகளில் ஒவ்வொரு பத்துக்கு முன்பும் ஒருவர் தன் கருத்தை, அதாவது எதற்காக வேண்டுகிறார் என்பதை, சொல்லி ஒப்புக்கொடுக்க வேண்டும். நோயாளிகளுக்காக, கடலில் இருப்பவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று. நம்மாளுக்காக வேண்ட எனக்கு ஆசை. ஆனால் மதுக்கடையில் விளையாடும் விளையாட்டுக்காக மாதாவிடம் வேண்டலாமா? பிறந்ததிலிருந்து இதிலேயே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? "ஒரு தனிப்பட்ட கருத்துக்காக" என்று மட்டும் சொன்னேன். மைனியும் அப்படிச் சிலசமயம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

மைனி அந்த வாரம் எங்களோடுதான் இருந்தார்கள். லாங் ஐலண்டில் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் அவர்கள் வீட்டுக்காரர் புது வீடு கட்டி முடித்திருந்தார். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கும் நாள் குறித்தாகிவிட்டது. விளக்குகள், திரைச்சீலை எல்லாம் வாங்க மைனி போர்ட் பிளேர் வந்திருந்தார்கள். நாங்களும் அவர்களோடு சேர்ந்து கிளம்புவதாக ஏற்பாடு. வாரம் முழுவதும் என் முறை வரும்போதெல்லாம் "ஒரு தனிப்பட்ட கருத்துக்காக" என்றேன். மைனி ஒவ்வொரு முறையும் என்னை ஒரு மாதிரி பாசத்தோடு பார்த்தார்கள். இந்து வீட்டிலிருந்து வந்தவள் நன்றாகச் சொல்கிறாள் என்று பார்க்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் லாங் ஐலண்ட் போய் இறங்கியபோது தகுதிப் போட்டி தொடங்கியிருந்தது. கப்பல் ஏறும் முன் பார்த்தவரை நம்மாளு ஆடியதில் பெரும்பாலும் வென்றிருந்தார். கை ஒரே ஒரு முறைதான் நின்றது. படகுத்துறையில், எங்கள் பேச்சில் ஜெட்டியில், இறங்கியதும் போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

"டவர் படுத்து மூணு நாளாச்சு" என்றார் மைனியின் வீட்டுக்காரர், மகிழ்ச்சியாகவே. "சிமெண்டு கேட்டு எவனும் போன் பண்ணல. நிம்மதி."

என் கணவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ரங்கத் பக்கத்திலிருந்து தினமும் காலையில் ஒரு படகு லாங் ஐலண்டுக்கு வரும். அதை ஓட்டும் சராங்கு ஒரு வங்காளி. என் கணவரோடு முன்பு வேலை பார்த்தவர். அவர் வீடு ரங்கத்தில். அங்கே இணையம் உண்டு. கடைசி நாள் ஆட்டத்தைப் பார்த்து வந்து சொல்லும்படி அவரிடம் ஏற்பாடு செய்தார்.

கடைசி நாள் ஆட்டம் முடிந்த மறுநாள் காலை படகு வந்தபோது நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெட்டியில் நின்றேன். சராங்கு கயிற்றைக் கட்டும் முன்பே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஆப்கா ஆத்மி ஹார் கயா, பாபி."

உங்கள் ஆள் தோற்றுவிட்டார் அண்ணி, என்றார். கடைசி நாளில் காலிறுதியில் தோற்றாராம்.  "சரி விடு. டைல்ஸ் வேலையும் நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு என் கணவர், வீடு மந்திரிப்புப் பந்தலுக்குக் கம்பு தூக்கப் போய்விட்டார்.

நான் மைனியின் பழைய வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவினேன். அழக் கூடாது என்றுதான் இருந்தேன். முகம் தெரியாத ஒருவர், நான் ஒருத்தி இருப்பதே தெரியாதவர், வாழ்க்கை முழுவதும் டைல்ஸ் போட்டால் எனக்கென்ன? ஆனாலும் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த முகம் கண்ணுக்குள் வந்தது. கண்ணீர் தேங்காய்ப்பூவில் விழுந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பினேன். திரும்பிய பக்கம் மைனி நின்றார்கள்.

"ஏட்டி, எதுக்கு அழுத?"

"ஒண்ணுமில்ல மைனி."

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கியா? ஒரு வாரமா பாக்கேன்லா, தனிக் கருத்து தனிக் கருத்துன்னு வேண்டுத." என் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்கள். "இந்த மாசமும் தள்ளிப் போகலையா?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. 

"அதுக்கா கண்ணீரு? ராசாத்தி மாதிரி ஒண்ணு இருக்கு. ரெண்டாவது வரும்போது வரும். மாதாவுக்குத் தெரியும் எப்பக் குடுக்கணும்னு. நானும் சும்மா இருக்கலட்டி, உன் கருத்து என்னமோ அது நடக்கணும்னு வெள்ளிக்கிழம ஒருசந்தி இருந்தேன். இங்கன உள்ள பொம்பளையள்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எல்லாவளும் வேண்டுதாளுவ."

ஜெட்டியில் இறங்கியபோது இரண்டு பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பார்த்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். அதற்கு இதுதான் நேரம். ஆனால் எனக்காக ஒரு நாள் பட்டினி கிடந்த ஒருவரிடம், அது பிள்ளைக்காக இல்லை மைனி, ஒரு டார்ட்ஸ்காரருக்காக என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன். குளியல் குவளையைப் போலவே சொல்லும் பாதியில் நின்றது.

"சரி மைனி" என்றேன்.

அவர்கள் போன பிறகு தேங்காயை விட்டுவிட்டு யோசித்தேன். காலிறுதி. கடைசி நாளில் காலிறுதி வரை வந்தவர் அதற்கு முன் எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும்? தினமும் முதலாவதாக வருபவருக்கு மட்டும்தான் இடம் என்று என் கணவர் சொல்வார். ஆனால் போன ஆண்டு எங்கோ படித்த நினைவு: வென்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புள்ளி உண்டு, எல்லா நாட்களும் முடிந்ததும் புள்ளி அதிகம் உள்ள சிலருக்கும் இடம் கொடுப்பார்கள் என்று. படித்தேனா? வேறு ஏதாவது விளையாட்டுக்குப் படித்ததா? என் நினைவை நானே நம்புவதில்லை. பந்தலடிக்குப் போய்க் கணவரிடம் கேட்டேன்.

"தோத்தவனுக்கு எவன் இடம் குடுப்பான்?" என்றார், வாயில் ஆணியை வைத்துக்கொண்டு.

"இருந்தாலும் இன்னொரு தடவை பாக்கலாமே."

"நீ கேஸ மூடுனியான்னு பாக்கது மாதிரி இதையும் பாக்கணும்ங்கியா?"

"ஆமா."

அவர் சிரித்து ஆணியைக் கீழே துப்பினார். "போ. படகு கெளம்பப் போகுது. சராங்குகிட்டச் சொல்லிட்டு வா."

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சராங்கு இன்ஜினைக் கிளப்பியிருந்தார். கரையிலிருந்தே ஹிந்தியில் கத்தினேன்: ஆட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள், கடைசியில் யாருக்கெல்லாம் இடம் கிடைத்தது என்று பாருங்கள். பயணிகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். சராங்கு காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, நாளைக்குச் சாமியாரையும் அழைத்து வருவதாகவும், இறங்கியதும் கூட்டத்தில் பேச முடியாது என்றும் சொன்னார்.

"டீக் ஹை பாபி. மில் கயா தோ தோ பார் ஹாரன்."

இடம் கிடைத்திருந்தால் ஜெட்டிக்குள் திரும்பும் முன் இரண்டு முறை ஹாரன். இல்லையென்றால் வழக்கம்போல ஒன்று.

மறுநாள் வீடு மந்திரிப்பு. காலையிலேயே தெருவே ஜெட்டிக்கு வந்துவிட்டது. மைனி பட்டுச்சேலை கட்டியிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, அது கசங்காமல் இருக்கக் கைகளை உடம்பில் படாமல் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு, மகள் பாசி பிடித்த ஓரத்துக்குப் போகிறாளா என்று ஒரு கண், படகு வரும் திசையில் ஒரு கண். சதுப்புநில மரங்களைத் தாண்டி வெள்ளையாகப் படகு தெரிந்தது.

ஹாரன் அடித்தது. நீளமாக, ஒன்று.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. மகள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு முழங்காலை மடக்கி நின்றாள். படகு திரும்ப ஆரம்பித்தது.

இரண்டாவது ஹாரன் முதலாவதைவிட நீளமாக இருந்தது. அதோடு சராங்கு நிறுத்தவில்லை. சந்தோஷத்தில் மூன்றாவதும் அடித்தார், நாலாவதும் அடித்தார்.

"பாத்தியாட்டி!" மைனி என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண் கலங்கியிருந்தது. "வங்காளி, இந்துக்காரன், நம்ம சாமியாருக்கு என்னமா மரியாத பண்ணுதான் பாரு!"

ஜெட்டியில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். என் கணவரும் தட்டினார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. படகிலிருந்து இறங்கிய இளம் சாமியார் இத்தனை வரவேற்பை எதிர்பார்க்காமல் கூச்சத்தோடு கும்பிட்டார். அவருக்குப் பின்னால் சராங்கு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். காலிறுதியில் தோற்றும், சேர்த்து வைத்த புள்ளிகளால் நம்மாளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

சாமியார் அறை அறையாகப் போய்த் தீர்த்தம் தெளித்தார். சமையலறையில் மைனி பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த அடுப்பைக் காட்டி, "இங்க கொஞ்சம் சேத்துத் தெளிங்க சாமி, இதான் அடிக்கடி மக்கர் பண்ணும்" என்றார்கள். கடைசியில் எல்லோரும் கூடத்தில் முழங்காலில் நின்றோம். சாமியார் மன்றாட்டுகளைச் சொல்லி முடித்துவிட்டு, "வேற யாருக்காவது தனி மன்றாட்டு இருந்தா சத்தமா சொல்லலாம்" என்றார்.

ஒருவர் தலைநாட்டில், தமிழ்நாட்டுப் பக்கம், இருக்கும் அம்மாவின் முழங்கால் வலிக்காக வேண்டினார். ஒருவர் மகனின் வேலைக்காக.  மைனி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் சொல்லி வைத்திருந்த பெண்களும் பார்த்தார்கள். கூடம் முழுவதும் எனக்காகக் காத்திருந்தது.  அந்தப் பார்வைகளுக்கு நடுவே, தூக்கிய கையோடு மேடையில் நின்ற அவரை நினைத்தேன். என்னையறியாமல் மூச்சை விட்டேன்.

"ஒரு நன்றி மன்றாட்டு, சாமி. ஹாலந்து நாட்டில் ஒரு டார்ட்ஸ் விளையாட்டு வீரருக்காக. அவருக்குக் கை நின்றுபோய் இருந்தது. இப்போது அவருடைய இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. அதற்காக."

சாமியார் ஒரு வினாடி கண்ணைத் திறந்து மூடினார். "ஆண்டவரே" என்றார்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் பழக்கத்தில் ஒரே குரலில் சொன்னார்கள். மைனியும் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகுதான் திரும்பினார்கள்.

"யாருட்டி அது?"

பிரியாணிப் பந்தியில் எல்லாம் வெளியே வந்தது. என் கணவர்தான் சொன்னார்.  மைனி கரண்டியைக் கையில் வைத்தபடியே முழுக்கக் கேட்டார்கள்.

"அப்ப பிள்ளைக்கு வேண்டலையா நீ?"

"இல்ல மைனி."

"உன் கருத்து என்னமோ அதுக்குன்னுல்லா நான் ஒருசந்தி இருந்தேன்? அப்ப அந்தப் பட்டினி ஒரு வெள்ளக்காரனுக்கா?"

"வீண் போகலயேக்கா" என்றார் என் கணவர். "கெடச்சிட்டுல்லா."

மைனி யோசித்தார்கள். கோபம் வருமோ என்று நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என் இலையில் இன்னொரு கறித்துண்டை வைத்தார்கள்.

"அவனுக்கு எத்தன பிள்ளையள்?"

"ஒண்ணு, மைனி. பொம்பளப்பிள்ள."

"அப்பச் சரி."

அதன் பிறகு நம்மாளு பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. பல போட்டிகளில் முதல் சுற்றிலேயே வெளியே வருகிறார். ஒன்றில் மூன்றாவது சுற்று வரை போனார். டைல்ஸ் வேலையையும் முழுதாக விடவில்லை என்று கேள்வி. கை இன்னும் சிலசமயம் நிற்கிறது. நிற்கும்போது முன்போலப் பதறுவதில்லை, முழங்காலை மடக்கிக் காத்திருக்கிறார். வராந்தாவில் நாங்கள் மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து காத்திருக்கிறோம். டப்பா அலமாரியின் மேல் இருக்கிறதா என்று இடையில் ஒரு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

லாங் ஐலண்டில் டவர் எழுந்துவிட்டது. ஆட்ட நாட்களில் சாயங்காலம் ஜெபமாலைக்கு முன் மைனி கூப்பிடுகிறார்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள், என்ன குழம்பு என்று கேட்பார்கள். கடைசியில், போனை வைக்கப் போகும்போது, "ஏட்டி, அவனுக்கு இன்னைக்கு யாரோட?" என்பார்கள்.